சோடனை செய்தால் பெட்டியில் காசு மிஞ்சுமா? சிறு கடைத்தொடர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

விசுவமட்டுக் கடையின் பின்னறையில் இன்னும் மூன்று காட்போட் பெட்டிகள் கிடக்கின்றன. உள்ளே ஒரு படத்து நாயகனின் முகம் அச்சடித்த பிளாஸ்ரிக் கப்புகள். பெரிய சோடாப் போத்தலோடு ஒரு பிஸ்கட் பக்கெட் சேர்த்து எடுத்தால் ஒரு கப் இலவசம் என்று திட்டம். மூன்று கடைக்குமாகப் பன்னிரண்டு பெட்டி இறக்கினோம். படம் வந்தது. இரண்டு கிழமை ஊரெல்லாம் அதே கதை, பிறகு அடுத்த படத்தின் கதை. மிஞ்சுவதைத் திருப்பி எடுப்போம் என்று வாயால் சொன்ன ஏஜென்ட் அதன் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. அந்த மாதம் விற்பனை நன்றாகத்தான் ஏறியிருந்தது. மாதக் கடைசியில் தம்பியும் நானும் கொப்பியோடு இருந்து பார்த்தபோதுதான், விற்பனை கூடியும் கையில் காசு கூடவில்லை என்று விளங்கியது.

எங்களுடையது பெரிய நிறுவனம் இல்லை. பரந்தன், விசுவமடு, மாங்குளம் என்று மூன்று இடத்தில் மூன்று மினி சுப்பர் மார்க்கட். அரிசி, பருப்பு, சவர்க்காரத்தில் இருந்து பணிஸ், ரோல்ஸ், குளிர்ந்த தண்ணீர் வரை. அந்தக் கப்புக்குப் பிறகும் பல தடவை இப்படிச் செய்திருக்கிறோம். சில தடவை நல்ல காசு மிஞ்சியது, சில தடவை கை சுட்டது. எது எதனால் நடந்தது என்று எழுதி வைத்த கொப்பியில் இருந்துதான் இதைச் சொல்கிறேன்.

ஒரு படம், ஒரு கார்ட்டூன், ஒரு கிரிக்கெட் தொடர், ஒரு திருவிழா என்று ஊர் ஏற்கெனவே கதைத்துக்கொண்டிருக்கிற ஒன்றோடு கடையைச் சேர்த்துக் கட்டுவதைக் கொம்பனிக்காரர் 'தீம் ஓஃபர்' என்பார்கள். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் சோடனை.

வெளிநாட்டில் நடந்ததில் எங்களுக்கு என்ன இருக்கிறது

இந்த விடயத்தில் அதிகம் பேசப்பட்டது 2007 யூலையில் நடந்தது. சிம்சன்ஸ் என்ற அமெரிக்கத் தொலைக்காட்சிக் கார்ட்டூன் முழுநீளப் படமாக வந்தபோது, அதில் வருகிற குவிக்-ஈ-மார்ட் என்ற கற்பனைக் கடையாகத் தன் உண்மையான கடைகளை மாற்றியது செவன் இலெவன் என்ற கடைத்தொடர். பெயர்ப்பலகை மாறியது, சுவர் மாறியது. கார்ட்டூனில் மட்டும் இருந்த பஸ் கோலாவும் கிறஸ்ரி-ஓஸ் தானியமும் ஸ்குவிஷி குளிர்பானமும் பிங்க் நிற டோனட்டும் உண்மையாகவே தட்டில் வந்து நின்றன. சனம் படம் எடுப்பதற்கென்றே தேடி வந்தது.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் ஒன்றை விட்டுவிடுவார்கள். முழுதாக மாற்றப்பட்டவை 12 கடைகள்தான்: அமெரிக்காவில் 11, கனடாவில் 1. ஆயிரக்கணக்கான கடைகள் வைத்திருந்த நிறுவனம் அது. சோடனைச் செலவு பன்னிரண்டு கடைக்கு, பேச்சும் செய்தியும் எல்லாக் கடைக்கும்.

இரண்டாவது விடயம் எனக்கு இன்னும் பெரிதாகப் படுகிறது. அங்கே முன்னுக்கு நின்றவை குளிர்பானம், டோனட் போன்ற, அந்த இடத்திலேயே குடித்துத் தின்று முடிக்கிற சாமான்கள். சீனியையும் பருப்பையும் மலிவாகப் போட்டால் சனம் இரண்டு மாதத்துக்குச் சேர்த்து வாங்கி வைக்கும், அடுத்த மாதம் எட்டியும் பாராது. டோனட்டை யாரும் சேர்த்து வைக்க முடியாது. இன்று விற்ற டோனட் நாளைய விற்பனையில் இருந்து பிடுங்கியது அல்ல.

வன்னிக்கு இது புதிது இல்லை. ஏ-9 வீதியில் போகிற வாகனம் முறிகண்டியில் நிற்கும், பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கும், கச்சான் வாங்கிக்கொண்டு ஏறும். பயணம், கும்பிடு, கச்சான் மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அங்கே கச்சான் விற்கிற அம்மா ஒரு ரூபாய் கழிவு கொடுப்பதில்லை, ஃப்ளெக்ஸ் அடிப்பதில்லை. ஓடுகிற சோடனையின் இலட்சணம் எல்லாம் அதில் இருக்கிறது.

படி 1: எதற்காகச் செய்கிறீர்கள் என்று ஒரே வரியில் எழுதுங்கள்

புது ஆட்களைக் கடைக்குள் கொண்டுவரவா, வருகிறவரின் பில்லைப் பெருப்பிக்கவா, கிழமைக்கு ஒருமுறை வருபவரை மூன்றுமுறை வரவைக்கவா, தேங்கிய சரக்கைத் தள்ளவா? ஒன்றைத்தான் எடுக்க வேண்டும். நாங்கள் கப் எடுத்தபோது எங்களிடம் இந்த வரி இருக்கவில்லை. "கடை கலகலப்பாய் இருக்கும் அண்ணை" என்று அந்த ஏஜென்ட் பொடியன் சொன்னதுதான் இருந்தது. கலகலப்புத் தேவைதான். ஆனால் கொப்பியில் அதற்கு ஒரு நிரல் கிடையாது.

படி 2: சனத்தின் கையில் எப்போது காசு இருக்கிறது என்று பாருங்கள்

கொழும்பில் கொம்பனி ஒரு திகதியைக் குறித்துவிட்டு முழு நாட்டுக்கும் ஒரே ஓஃபரை அனுப்பும். வன்னியில் காசு ஓடுகிற காலம் வேறு. காலபோக நெல் வெட்டு தை, மாசி, பங்குனியில். நெல்லுக் காசு கைக்கு வருகிற அந்தக் கிழமைகளில் கிளிநொச்சிப் பக்கம் கடைகளின் முகமே மாறும். சிறுபோகம் குளத்துத் தண்ணீரைப் பொறுத்தது, அதன் வெட்டு ஆவணியை ஒட்டி வரும். அரச சம்பளம் 25ஆம் திகதியை ஒட்டி. கூலிவேலை செய்கிறவருக்கு ஒவ்வொரு நாளும் அன்றன்றைய காசுதான். ஐப்பசி, கார்த்திகையில் விதைப்பு, உரம், களைநாசினி என்று கமக்காரன் கடனில் நிற்பான், மழையும் கொட்டும். அந்தக் காலத்தில் கொம்பனி எவ்வளவு அழகான பெட்டியைக் கொண்டுவந்து காட்டினாலும் நாங்கள் எடுப்பதில்லை.

பிறகு சனம் நடமாடுகிற காலம். வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கல். ஏ-9 வழியாக வருபவர்கள் மாங்குளத்தில் திரும்பி ஒட்டுசுட்டான் வழியாகவோ, பரந்தனில் திரும்பி விசுவமடு, புதுக்குடியிருப்பு வழியாகவோ முல்லைத்தீவுப் பக்கம் போவார்கள். எங்கள் மூன்று கடையும் அந்த வழிகளிலேயே இருக்கின்றன. ஓகஸ்ட் 15இல் மடு மாதா திருவிழா. வருடத் தொடக்கத்தில் பள்ளிக்கூடம். தைப்பொங்கல், சித்திரை, தீபாவளி, நத்தார் எல்லோருக்கும் தெரிந்தவை.

இதே நாட்காட்டியில் எதுவும் செய்யக்கூடாத நாட்களும் இருக்கின்றன. மே 12 முதல் 18 வரை இங்கே ஒவ்வொரு வீட்டிலும் ஒரு படத்துக்கு முன் விளக்கு எரியும். சந்திகளில் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சிக் கொடுப்பார்கள். நவம்பர் கடைசியில் மாவீரர் நாள் கிழமையும் அப்படித்தான். 2009இல் கடைசிப் போரில் யார் யாரை இழந்தார்கள் என்பது எங்கள் கடைக்கு வருகிற அநேகமாக எல்லோரைப் பற்றியும் எங்களுக்குத் தெரியும். ஒரு வருடம் கொழும்பில் இருந்து வந்த பலூன் தோரணமும் பாட்டுப் பெட்டியும் மே நடுப்பகுதிக்கென்று திகதி போட்டு வந்தன. பரந்தன் கடையில் வேலை செய்கிற அக்கா பெட்டியைத் திறக்கவே இல்லை. "தம்பி, இந்தக் கிழமை வேண்டாம்" என்றா. அவ்வளவுதான். பலூன்கள் யூனுக்குப் போயின. கொம்பனி வற்புறுத்தினாலும், சாமானைக் காட்சிக்கு வைக்கத் தருகிற காசை வெட்டுவோம் என்றாலும், அந்த நாட்களுக்கு மறுத்துவிடுங்கள்.

படி 3: எந்தப் பொருளோடு கட்டுவது

உடனே தின்கிற, குடிக்கிற சாமானோடு கட்டுங்கள். உங்கள் கடையிலேயே செய்வதென்றால் இன்னும் நல்லது. வெயிலுக்கு மோர், நன்னாரிச் சர்பத், பிளேன்ரீயோடு வடை, கச்சான் சுருள். இவற்றில் ரூபாய்க்கு மிஞ்சுவது, கொம்பனி விலை அடித்து வருகிற பால்மா பக்கெட்டில் மிஞ்சுவதைவிடப் பல மடங்கு. பால்மாவிலும் சீனியிலும் சோடனை செய்வது எங்கள் காசைப் பிரித்துக் கொடுப்பது மாதிரி.

எதைக் கட்டக்கூடாது என்பதையும் யோசியுங்கள். 2007இல் அந்தக் கார்ட்டூனில் மிகவும் பிரபலமாக இருந்த டஃப் பியரை செவன் இலெவன் விற்கவில்லை, பிள்ளைகளும் பார்க்கிற படம் என்பதால். அந்தத் தொடரில் வருகிற இந்தியக் கடைக்காரர் பாத்திரமோ தங்களைக் கேலி செய்கிறது என்று தெற்காசிய வம்சாவளியினர் பின்னாளில் உரத்துச் சொன்னார்கள். சோடனையில் யாருடைய முகம் சிரிப்புக்கு வைக்கப்படுகிறது என்று ஒருமுறை கேட்டுப் பார்க்க வேண்டும். ஒரு கோயில் திருவிழாவோடு கட்டினால் அம்மன் படத்தைக் குப்பைக்குப் போகிற உறையில் அடிக்காதீர்கள். மாவிலை, மஞ்சள் துணி, பானைப் படம் போதும்.

படி 4: படம் யாருடையது

நடிகரின் படத்தையும் கார்ட்டூன் உருவத்தையும் இணையத்தில் எடுத்து ஃப்ளெக்ஸ் அடித்துத் தொங்கவிடுவது இங்கே சர்வசாதாரணம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இலங்கை முழுவதற்கும் உரியது, மாங்குளத்துக்கும்தான். கொம்பனி தருகிற பதாகை என்றால் அந்த உரிமையை அவர்கள் வாங்கியிருக்க வேண்டும். வாங்கியிருக்கிறார்களா என்று எழுத்தில் கேளுங்கள். நீங்களே செய்வதென்றால் ஊரின் திருவிழா, அறுவடை, பள்ளிக்கூடம், பக்கத்துக் கழகத்தின் விளையாட்டுப்போட்டி. இவற்றை யாரிடமும் வாங்கத் தேவையில்லை, ஊரும் தன்னுடையதாகவே பார்க்கும்.

படி 5: கொம்பனியோடு எழுத்தில் பேசுங்கள்

ஒரு தாளில் ஐந்தாறு வரி போதும். இலவசப் பொருளுக்கு யார் காசு? மிஞ்சினால் எந்தத் திகதிக்குள் யார் திருப்பி எடுப்பது? காட்சிக்கு வைக்கிற இடத்துக்குக் காசா, சாமானா? குளிர்ப்பெட்டி தந்தால் மின்சாரக் கட்டணம் யாருக்கு? திகதி முடிந்த சாமானுக்கு என்ன வழி? ஏஜென்ட் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்துப் போடத் தயங்குகிறவர் திருப்பி எடுக்கவும் தயங்குவார். பின்னறைக் கப்புகள் எங்களுக்குச் சொல்லித் தந்த பாடம் அது.

படி 6: கணக்கு

இந்தப் படிக்கு ஒரு பின்னேரத்தை ஒதுக்குங்கள். கீழே உள்ள எண்கள் உதாரணத்துக்கு. உங்கள் கடையின் எண்களைப் போட்டுப் பாருங்கள்.

ஒரு கடையின் நாள் விற்பனை 80,000 ரூபாய் என்று வைப்போம். கொள்வனவு விலை போக மிஞ்சுவது நூற்றுக்கு 12. பத்து நாள் சோடனை. 1,000 ரூபாய்க்கு மேல் பில் வந்தால் 25 ரூபாய் அடக்கமான ஒரு விளையாட்டுச் சாமான் இலவசம். விற்பனை நூற்றுக்கு 20 ஏறியது. கேட்க நல்ல வெற்றி.

கூடுதல் விற்பனை ஒரு நாளைக்கு 16,000, பத்து நாளைக்கு 1,60,000. அதில் மிஞ்சுவது நூற்றுக்கு 12 படி 19,200. இதுதான் சோடனை கொண்டுவந்த காசு, 1,60,000 அல்ல. இனிச் செலவு. ஃப்ளெக்ஸ், தோரணம், கூலி 12,000. ஒரு நாளைக்கு 45 பில் 1,000ஐத் தாண்டுகிறது என்றால் பத்து நாளில் 450 விளையாட்டுச் சாமான், 11,250. மொத்தம் 23,250. கையை விட்டுப் போனது 4,050 ரூபாய்.

அதோடு முடியவில்லை. சோடனை முடிந்த அடுத்த கிழமை, சேர்த்து வாங்கி வைத்தவர்கள் வரமாட்டார்கள். நாளுக்கு 5,000 வீதம் ஏழு நாள் குறைந்தால் 35,000, அதில் எங்களுக்கு வரவேண்டிய 4,200 போயிற்று. ஆக 8,250 நட்டம், விற்பனை இருபது வீதம் ஏறிய பிறகும்.

இதைத் தலைகீழாகவும் போடலாம். செலவு 23,250ஐ 0.12ஆல் பிரித்தால் 1,93,750. பத்து நாளில் இவ்வளவு கூடுதலாக விற்றால்தான் போட்ட காசாவது திரும்பும். அதாவது 24 வீதத்துக்கு மேல் ஏற வேண்டும். தொடங்கும் முன்னரே இந்த எண்ணைச் சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள். இந்தக் கடையில் அவ்வளவு ஏறுமா என்று காசாளர் பிள்ளையிடம் கேளுங்கள். அவளுக்குத் தெரியும்.

அதே கணக்கில் விளையாட்டுச் சாமானின் செலவைக் கொம்பனி ஏற்றுக்கொண்டால்? செலவு 12,000, வந்தது 19,200, பின்னால் குறைந்தது 4,200. 3,000 ரூபாய் மிஞ்சுகிறது. பெரிய காசில்லை. ஆனால் ஐந்தாம் படியில் கேட்ட ஒரு கேள்வி நட்டத்தை இலாபமாக்கியிருக்கிறது.

கழிவு கொடுப்பதிலும் இப்படி ஒரு பொறி உண்டு. 85க்கு வாங்கி 100க்கு விற்கிற சாமானில் மிஞ்சுவது 15. பத்து வீதம் கழித்து 90க்கு விற்றால் மிஞ்சுவது 5. பழைய காசையே பார்க்க மூன்று மடங்கு விற்க வேண்டும். வழமையாக நூறு விற்கிற சாமான் அந்தக் கிழமை முந்நூறு போகுமா என்று யோசியுங்கள். பெரும்பாலும் போகாது. அதனால்தான் நாங்கள் விலையில் கை வைப்பதைவிடச் சிறு பொருள் கொடுப்பதையே விரும்புகிறோம்.

படி 7: எல்லைக்கோட்டை எங்கே கீறுவது

2005இல் தாய்வானின் செவன் இலெவன் கடைகள் ஹலோ கிற்றி என்ற கார்ட்டூன் உருவம் பதித்த சிறு காந்தங்களைக் கொடுத்தன. 77 தாய்வான் டொலருக்குச் சாமான் வாங்கினால் ஒன்று. எந்த உருவம் வரும் என்று தெரியாது. முழுத் தொகுதியையும் சேர்க்க நாடே அலைந்தது. அதன் சூட்சுமம் அந்த 77இல் இருக்கிறது: கை நிறைய வாங்கத் தேவையில்லை, இன்னும் ஒரு சாமான் எடுத்தால் போதும் என்கிற தூரம்.

எங்கள் முதல் பள்ளிக்கூடச் சோடனையில் 1,000 ரூபாய் பில்லுக்கு ஒரு அழிறப்பர் இலவசம் என்று கோட்டைக் கீறினோம். விசுவமட்டில் ஒரு அம்மா ஒவ்வொரு பின்னேரமும் பேத்தியோடு வருவா. தோட்டக் கூலி. கால் கிலோ சீனி, ஒரு சின்னப் பக்கெட் தேயிலை, ஒரு றாத்தல் பாண், சில நாள் ஒரு ரின் மீன். நாட்கூலிக்காரர் அப்படித்தான் வாங்குவார்கள். மாதத்துக்குச் சேர்த்து வாங்கக் கையில் காசு இருப்பதில்லை. பேத்தி மேசைக்கு முன்னால் நின்று கண்ணாடிப் போத்தலில் இருந்த விலங்குப் பொம்மை அழிறப்பர்களைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். யானை, மான், மயில். நாலாம் நாள் அவள் கேட்டாள், "அம்மம்மா, நாங்கள் எப்ப ஆயிரம் ரூபாய்க்கு வாங்குவம்?" அம்மா பதில் சொல்லவில்லை, பாணை எடுத்துக்கொண்டு நடந்தா.

அன்றிரவு மூன்று கடையிலும் திட்டத்தை மாற்றினோம். ஒரு சின்ன அட்டை. 200 ரூபாய்க்கு ஒரு முத்திரை, ஐந்து முத்திரைக்கு ஒரு அழிறப்பர். பொம்மைக்கான செலவு ரூபாய்க்கு ரூபாய் முன்னர் போலத்தான். ஆனால் 150 ரூபாயோடு போகிறவர்கள் இன்னொரு ஐம்பதுக்கு எதையாவது எடுத்தார்கள். கிழமைக்கு இரண்டு தடவை வந்தவர்கள் நாலு தடவை வந்தார்கள், முன்னர் சந்திக்கு அப்பால் வாங்கியதையும் எங்களிடம் வாங்கினார்கள். எங்கள் சனத்தில் பெரும்பகுதியை முதல் நாளே கோட்டுக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்தோம் என்பது எனக்கு இன்றைக்கும் மனதில் குத்துகிறது. உங்கள் கடையின் பில்களை ஒரு கிழமைக்கு எடுத்து அடுக்கிப் பாருங்கள். நடுவில் விழுகிற பில் எவ்வளவோ, அதற்குச் சற்று மேலே கோட்டைக் கீறுங்கள். சராசரியைப் பார்க்காதீர்கள். கலியாண வீட்டுக்கு வாங்குகிற இரண்டு பெரிய பில் சராசரியைத் தூக்கிவிடும்.

பேத்திக்கு மயில் கிடைத்தது.

படி 8: எவ்வளவு இறக்குவது, எதை வாக்குக் கொடுப்பது

கொம்பனி சொல்வதில் பாதியை இறக்குங்கள். முடிந்துவிட்டால் முடிந்ததுதான். "கையிருப்பு உள்ளவரை" என்ற வரியைப் பெரிய எழுத்தில் போடுங்கள், இந்தத் திகதிவரை என்றும் போடுங்கள்.

வாக்குக் கொடுக்கும்போது மிகவும் கவனம். 1992இல் பிரித்தானியாவில் தூசி உறிஞ்சி விற்கிற ஹூவர் நிறுவனம் 100 பவுணுக்குச் சாமான் வாங்கினால் விமானச் சீட்டு இலவசம் என்று அறிவித்தது. சனம் சீட்டுக்காகவே சாமான் வாங்கியது, நிறுவனத்துக்கு ஏறத்தாழ 50 மில்லியன் பவுண் போயிற்று. அதே வருடம் பிலிப்பைன்சில் பெப்சி பரிசு எண் ஒன்றை அறிவித்தபோது, 349 என்ற அந்த எண் தவறுதலாக இலட்சக்கணக்கான போத்தல் மூடிகளில் அச்சாகியிருந்தது. வீதியில் கலவரமே வந்தது. சின்னக் கடைக்குச் சின்ன அளவில் இதே ஆபத்து உண்டு. குலுக்கல் என்றால் சீட்டுக்கு இலக்கம் போட்டு, அடிக்கட்டையை வைத்து, எல்லோரும் பார்க்கக் கோயில் ஐயாவையோ பள்ளிக்கூட அதிபரையோ கொண்டு எடுப்பியுங்கள்.

படி 9: ஒரு கடையில் செய்யுங்கள், மற்றதைச் சும்மா விடுங்கள்

தனிக்கடைக்காரருக்கு இல்லாத ஒரு வசதி கடைத்தொடருக்கு உண்டு. எல்லாக் கடையிலும் ஒரேயடியாகச் சோடித்தால் விற்பனை ஏறியது சோடனையாலா, நெல்லுக் காசாலா, பக்கத்துக் கடை பூட்டியதாலா என்று ஒருநாளும் தெரியாது. பரந்தனில் சோடியுங்கள், மாங்குளத்தைச் சும்மா விடுங்கள். முந்திய நாலு கிழமை இரண்டு கடையின் விற்பனையையும் எழுதி வையுங்கள். சோடனை நடக்கும்போது பரந்தன் 20 வீதம் ஏறி, ஒன்றும் செய்யாத மாங்குளமும் 14 வீதம் ஏறியிருந்தால், சோடனையின் பங்கு 6 வீதம்தான். மிச்சம் வயலில் இருந்து வந்தது.

முதல் தடவை இப்படிப் பார்த்தபோது எங்களுக்கு மனம் விட்டுப் போயிற்று. நல்லாய் ஓடியது என்று நம்பியிருந்த பொங்கல் காலச் சோடனையில் பெரும்பகுதி அறுவடைக் காசு. ஆனாலும் அந்த எண்தான் அடுத்த வருடம் ஃப்ளெக்ஸ் செலவைப் பாதியாக்கியது. இரண்டு கடையும் அச்சொட்டாக ஒரே மாதிரி இருக்கத் தேவையில்லை, வழமையாக ஒரே திசையில் ஏறி இறங்கினால் போதும். அடுத்த முறை கடையை மாற்றிச் செய்யுங்கள்.

படி 10: நடக்கிற நாட்களில்

வேலை செய்கிற பிள்ளைகளுக்கு முதல் நாளே விளங்கப்படுத்துங்கள். பில் போடும்போது ஓஃபரை அவர்கள் வாயால் சொல்ல வேண்டும். சுவரில் உள்ளதை அரைவாசிப் பேர் வாசிக்க மாட்டார்கள். பொதியில் அச்சிட்ட விலைக்கு மேலே ஒரு ரூபாயும் எடுக்கக்கூடாது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி அது குற்றம், 'சோடனைப் பொதி' என்று சேர்த்துக் கட்டினாலும் குற்றம்தான். மோர், சர்பத் விற்றால் தண்ணீர், ஐஸ், கை மூன்றிலும் சுத்தம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்க்கட்டும் என்ற மாதிரி வைத்திருங்கள்.

கூட்டத்தையும் யோசிக்க வேண்டும். 2010இல் யப்பானின் ஹாகோனேயில் லோசன் என்ற கடைத்தொடர் தன் கடை ஒன்றை எவாஞ்சலியன் அனிமே தொடரின்படி மாற்றியது. வந்த கூட்டத்தில் அந்தச் சின்ன வீதி அடைபட்டுப்போக, சில நாட்களிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. மாங்குளத்தில் எங்கள் கடைக்கு முன்னால் இரண்டு பஸ் நின்றாலே வீதி முட்டும். யாத்திரைக் காலத்தில் வாகனத்தைக் கொஞ்சம் தள்ளி வெறுங்காணியில் விடச் சொல்லி ஒரு பொடியனை நிறுத்துவோம். ஏ-9இல் வேகமாக வருகிற லொறிக்கு முன்னால் பிள்ளைகள் ஓடிக் கடக்கிற மாதிரி எந்த ஓஃபரும் இருக்கக்கூடாது.

படி 11: முடிந்த பிறகும் இரண்டு கிழமை எழுதுங்கள்

தோரணத்தைக் குறித்த நாளிலேயே கழற்றுங்கள். வெளிறிய ஃப்ளெக்ஸ் கடையைப் பழசாக்கும். பிறகு பதினான்கு நாள் விற்பனை, அட்டையோடு வந்த புது முகங்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள், மிஞ்சிய சரக்கின் அடக்க விலை மூன்றையும் எழுதுங்கள். இந்த மூன்றும் இல்லாமல் யாராவது "நல்லாய் ஓடினது" என்றால் எடுத்துக்கொள்ளாதீர்கள், அது நானாக இருந்தாலும்.

அப்படியானால் மிஞ்சுமா?

எங்கள் கொப்பியின்படி, படத்தோடும் பெரிய கொம்பனியின் தொடரோடும் கட்டியவற்றில், கொம்பனி முழுச் செலவையும் எடுத்தவை மட்டும் கொஞ்சம் மிச்சம் தந்தன. நாங்கள் காசு போட்டவை அநேகமாக எல்லாம் நட்டம், அல்லது சமன். முத்திரை அட்டை தொடர்ந்து மிச்சம் தந்தது. எல்லாவற்றிலும் மேலாக மிஞ்சியது வற்றாப்பளைப் பொங்கல் கிழமை, அதில் சோடனைக்கென்று செலவழித்தது மிகச் சொற்பம். பச்சரிசி, சர்க்கரை, பயறு, கஜு, முந்திரிகை வற்றல், ஏலக்காய், கற்பூரம் எல்லாம் அளவாகக் கட்டிய பொங்கல் பை. தேங்காய் பக்கத்தில் குவியலாக. கழிவு கிடையாது, ஆனால் போகிற வழியில் ஏழு சாமானைத் தேடி நிற்கத் தேவையில்லை. வாசலில் மண்பானையில் மோர். நடந்து வருகிறவருக்கு ஒரு குவளை இலவசம், வாகனத்தில் வருகிறவர் போத்தலில் வாங்குவார்.

இந்த வருடம் மாங்குளத்தில் மோர்ப்பானையும் பையும், விசுவமட்டில் பை மட்டும், பரந்தனில் ஒன்றுமில்லை என்று பிரித்திருக்கிறோம், பானை எவ்வளவு கொண்டுவருகிறது என்று தனியாகப் பார்க்க. கப்புப் பெட்டிகளில் ஒன்றைத் திறந்து மாங்குளத்துக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். நாயகனின் முகத்தை ஒரு தாள் ஒட்டி மறைத்தால், வாங்குகிற மோரை ஊற்றிக் கொடுக்க அவை உதவும்.